ஒளிக்கு ஒரு தராசு: பெங்களூரில் பிறந்த மூன்று தகடு

கடையில் சாமான் நிறுக்கும் முன், வெறுந்தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒளியை அளக்கும் கேமராவுக்கும் அதே பரீட்சை உண்டு.

ஒளியலையின் அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்குபட்டால் அதைத் தளவிளைவு என்கிறது பள்ளிப் புத்தகம். நம் கண்ணுக்கு இது அநேகமாகத் தெரியவே தெரியாது. இதற்கென்றே வந்துள்ள கேமராக்களில், படப்புள்ளிகள் மேல் 0, 45, 90, 135 பாகைகளில் சாய்த்த நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. எல்லா வடிகட்டியும் அச்சு அசலாக அமையுமா? அமையாது. அதனால் சீரான வெளிச்சத்தின் முன் திசை தெரிந்த போலராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு புள்ளியும் மாலுஸ் விதிப்படி ஏறி இறங்குகிறதா என்று பார்த்துத் திருத்துகிறார்கள். 0-ஐயும் 90-ஐயும் கூட்டினால் வருவது, 45-ஐயும் 135-ஐயும் கூட்டினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முள் கோணல்தான்.

திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் பணியாற்றிய சி.வி. ராமன், 1921-ல் நார்க்குண்டா கப்பலில் ஊர் திரும்பும்போது கையில் ஒரு நிகோல் பட்டகம் வைத்திருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது அன்றைய பெரியவர்கள் வாக்கு. நீர்ப்பரப்பில் தெறிக்கும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முழுக்கத் தளவிளைவு கொள்ளும். பட்டகத்தைத் திருப்பினால் அதை அணைத்துவிடலாம். ராமன் அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. அது தண்ணீரே சிதறவிடும் நிறம் என்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார்.

ஆனால் நம்மவர்கள் பலரும் அறியாத பெயர் பஞ்சரத்னம். ராமனின் சகோதரி மகன். 1934-ல் கல்கத்தாவில் பிறந்தவர். பெங்களூரில் ராமன் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அன்று ஒரு சங்கடம் இருந்தது. சுழல் தளவிளைவைச் சோதிக்கக் கால் அலைத் தகடு வேண்டும். மஞ்சள் ஒளிக்குச் சரியாக வெட்டிய தகடு, சிவப்புக்கும் நீலத்துக்கும் பொய் சொல்லும். படிக்கல்லே தப்பென்றால் தராசை என்ன செய்வது? 1955-ல், 21 வயதில், பஞ்சரத்னம் வழி சொன்னார்: மூன்று தகடுகளை அடுக்கி, நடுவிலுள்ளதை மட்டும் கணக்காகத் திருப்பி வைத்தால், நிறத்துக்கு நிறம் வரும் பிழையில் பெரும்பகுதி ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வானியல் தளவிளைவுமானிகள் பலவற்றில் இந்த அடுக்கு இடம்பிடித்தது.

அடுத்த ஆண்டே இன்னொரு கட்டுரை. அதன் ஆழம் உலகுக்கு உடனே புரியவில்லை. 1984-ல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கத்தில் ஒரு வடிவியல் கட்டத்தைக் கண்டபிறகுதான், பெங்களூர்க்காரர்கள் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டினார்கள். பெர்ரி 1987-ல் மனமார ஒப்புக்கொண்டு எழுதினார். பார்க்கப் பஞ்சரத்னம் இல்லை. 1969-லேயே, 35 வயதில் காலமாகிவிட்டார். அந்த 18 வருஷ இடைவெளி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதே நிலையம் செய்த போலிக்ஸ் கருவி, 2024 ஜனவரி 1-ல் எக்ஸ்போசாட்டோடு விண்ணுக்குப் போனது. அளப்பது எக்ஸ் கதிரின் தளவிளைவை. கருவியின் சொந்தக் கோணல் அளவில் கலந்துவிடாமல் இருக்க, செயற்கைக்கோளையே மெதுவாகச் சுழலவிட்டார்கள்.