தூக்கிப் போட மனசு வராத பிளேடு

1895-ம் வருஷம். அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டியிருக்கும் புரூக்லைன் என்ற ஊர். நாற்பது வயது சேல்ஸ்மேன் ஒருவர், காலையில் ஷேவ் செய்யக் கண்ணாடி முன் நிற்கிறார். கையில் மடக்குக் கத்தி. சுத்தமாக மழுங்கிப் போயிருக்கிறது. தோல் வாரில் தீட்டினால் சரியாகாது, சாணை பிடிக்கத்தான் கொடுத்தாக வேண்டும். எரிச்சலோடு நின்றவருக்கு சட்டென்று ஒரு யோசனை. முடியை வெட்டுவது கத்தியின் விளிம்பு மட்டும்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு இரும்பு?

அந்த சேல்ஸ்மேனின் பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். ராஜ பரம்பரை எல்லாம் இல்லை, பெயரே கிங்!

இந்த யோசனைக்கு விதை போட்டவர் அவருடைய முதலாளி வில்லியம் பெயின்ட்டர். சோடா பாட்டிலை ஓப்பனரால் நெம்பித் திறக்கிறோமே, அந்தத் தகர மூடியைக் கண்டுபிடித்த புண்ணியவான். ஒரு தடவை உபயோகித்துத் தூக்கியெறிகிற பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பத் திரும்ப உன்னிடமே வருவான் என்று அவர் ஜில்லெட்டிடம் சொல்லியிருந்தார்.

யோசனை சுலபம். செய்வதுதான் கஷ்டம். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைப் பதப்படுத்திக் கூர் தீட்டவே முடியாது என்று எம்.ஐ.டி. நிபுணர்கள் கையை விரித்துவிட்டார்கள். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது.) கடைசியில் அதே எம்.ஐ.டி.யில் படித்த வில்லியம் நிக்கர்சன் என்பவர்தான் 1901-ல் கூட்டுச் சேர்ந்து, வழி கண்டுபிடித்தார்.

1903-ல் சரக்கு கடைக்கு வந்தது. அந்த வருஷ மொத்த விற்பனை எவ்வளவு தெரியுமா? 51 ரேசர், 168 பிளேடு! ஆனால் அடுத்த வருஷமே 90 ஆயிரம் ரேசர்களுக்கு மேல் போயின. முதல் உலகப் போர் வந்ததும் அமெரிக்க அரசாங்கம் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3.6 கோடி பிளேடும் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், தானே ஷேவ் செய்துகொள்ளும் பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

காமர்ஸ் படித்தவர்களிடம் கேட்டால் இந்த இடத்தில் ஒரு பாடம் சொல்வார்கள். 'ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி. இதுதான் ஜில்லெட் ஃபார்முலா.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பேடன்ட் கையில் இருந்த வரை ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 1921-ல் பேடன்ட் காலாவதியாகி, யார் வேண்டுமானாலும் அதே மாதிரி செய்யலாம் என்று ஆன பிறகுதான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினார்கள். தாராள மனசெல்லாம் போட்டி வந்த பிறகு வந்ததுதான்!

சரி, தூக்கியெறியத்தான் பிளேடு என்றார் ஜில்லெட். நம்மூரில் யார் எறிந்தார்கள்?

என் தாத்தா தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடி, அலுமினிய டம்ளரில் வெந்நீர், நுரை பொங்கும் சோப்புக் கிண்ணம், கடைசியில் தேய்த்துக்கொள்ளப் படிகாரக் கல். பிளேடு மழுங்கினால், ஒரு கண்ணாடி டம்ளரின் உட்புறம் அதை விரலால் அழுத்தி, இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை தேய்ப்பார்.

"புதுசு எடுத்துக்கக் கூடாதா தாத்தா?"

"இதுல இன்னும் ரெண்டு ஷேவ் இருக்குடா!"

அந்த ரெண்டும் முடிந்த பிறகு பாட்டிக்குத் தையல் பிரிக்க. அப்புறம் பாதியாக ஒடித்து எங்களுக்குப் பென்சில் சீவ. கடைசி மாதங்களில் தாத்தாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும், நான்தான் ஷேவ் செய்துவிட்டேன். முதல் நாள் புது பிளேடு பிரித்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "டம்ளர்ல தேய்ச்சியா?"

இந்த டம்ளர் வெந்நீரை ஜில்லெட் கம்பெனியே கணக்கில் எடுக்காமல் சூடுபட்டுக்கொண்டது. 2002-ல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தார்கள். முன்கூட்டிச் சோதித்தது எங்கே? அதே எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம்! அவர்கள் குழாயைத் திறந்துவிட்டு ஷேவ் செய்கிறவர்கள், 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டார்கள். இங்கே குழாய் ஏது? டம்ளர் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தால் ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. பிறகு இந்திய வீடுகளுக்கே ஆள் அனுப்பி, நம் ஜனங்கள் எப்படி ஷேவ் செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் பார்த்தார்கள். 2010-ல் 15 ரூபாய்க்கு ஒற்றை பிளேடு ரேசர் வந்தது. மாற்று பிளேடு 5 ரூபாய்.

இன்று மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று பிளாஸ்டிக்கில் பொதிந்து விற்கிறார்கள். எஃகையும் பிளாஸ்டிக்கையும் பிரிப்பது லேசில்லை. அப்படியே குப்பைக்குப் போகிறது. தாத்தாவின் பிளேடு முழுக்க எஃகு.

பென்சில் சீவித் தேய்ந்த துண்டுகளைக்கூட அவர் வெளியே போட விட்டதில்லை. மூடியில் கீறல் போட்ட பழைய பவுடர் டப்பாவுக்குள் தள்ளிவிடுவார். கஞ்சத்தனம் என்று நாங்கள் சிரிப்போம். அவர் சொன்ன காரணம் வேறு: "குப்பை அள்றவன் கைய அறுத்துடும்டா."

எறிந்தால் வாங்கியவன் திரும்ப வருவான் என்பது வரைக்கும் பெயின்ட்டர் யோசித்தார். எறிந்தது யார் கைக்குப் போகும் என்று என் தாத்தா யோசித்தார்.