மலைக்கு அரசு வந்த ஆண்டு

கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆதிக்கம் முடிந்து, மலை அரசின் கீழ் வந்த ஆண்டு 1976. அதே ஆண்டில் நாடு நெருக்கடிநிலையில் இருந்தது. கள்ளக்குறிச்சிக்காரியான எனக்கு இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்க முடியவில்லை.

போரிலிருந்து தொடங்க வேண்டும். 1962 அக்டோபரில் சீனப் போருக்காக அவசரநிலை அறிவித்தார்கள். சண்டை ஒரே மாதத்தில் நின்றது. அவசரநிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்த கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைக்க உதவியவை, சீனாவுக்காகப் போட்ட இந்தியப் பாதுகாப்பு விதிகள்தான்! 1971 டிசம்பரிலும் இதே கதை. பாகிஸ்தானுடனான போர் 13 நாளில் முடிந்தது. அதற்காக அறிவித்த அவசரநிலை, 1975 ஜூன் 25இல் இன்னொன்றை அறிவித்தபோதும் நீக்கப்படாமலே இருந்தது. மிசா சட்டமும் 1971இல் வந்ததுதான்.

1976 ஏப்ரல் 28 அன்று, விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். சில நாட்களிலேயே, மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சினேகலதா ரெட்டி கைதானார். ஆஸ்துமா நோயாளியான அவரைப் பெங்களூர் சிறையில் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1977 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தவர், ஐந்தே நாட்களில் இறந்தார். தமிழ்நாட்டு மிசா நினைவுகளில் சிட்டிபாபுவின் பெயர் வரும் அளவுக்கு இவர் பெயர் வருவதில்லை. தியாகிப் பட்டியலை நாம் கட்சி வழியாகவே எழுதிப் பழகிவிட்டோம்.

கொத்தடிமை முறையை ஒழித்த சட்டமும் 1976இல் அதே அரசு கொண்டுவந்ததே. ஜாகிர்தாரின் கீழ் வாழ்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண்ணிடம் போய், அரசின் அதிகாரம் என்றாலே கெடுதல் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உரிமையைக் கொடுத்த அரசிடமே அதைக் கேட்டு வாங்கும் வழி அன்று அடைக்கப்பட்டிருந்தது. கூலி கொடுக்காதவனை எதிர்த்துப் புகார் கொடுக்கலாம். போலீஸ்காரர் பிடித்துப் போனால் யாரிடம் கொடுப்பது?

1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. இனி எந்த அவசரநிலையிலும் உயிர்வாழும் உரிமைக்கான 21ஆவது பிரிவை நிறுத்தி வைக்க முடியாது. மலைக்கு அந்தப் பிரிவு மெதுவாகத்தான் ஏறியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.