ரயிலேறி வந்த மீன், விமானத் தொழிற்சாலையில் பிறந்த படகு

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஷெனண்டோவா என்றோர் ஆறு ஓடுகிறது. கோடைச் சனிக்கிழமைகளில் அதன் துறைகளுக்குப் போனால், கார்க் கூரைகளிலிருந்து கனூ படகுகளை அவிழ்த்து இறக்கும் நண்பர் கூட்டங்களைப் பார்க்கலாம். இறங்கும் துறையில் ஒரு கார் நிற்கும். ஆற்றோடு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கீழே, கரையேறும் துறையில் இன்னொரு காரை முன்கூட்டியே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். படகுக்கு இருவர். பின்னால் இருப்பவர் துடுப்புப் போடுவார், முன்னால் இருப்பவர் தூண்டில் வீசுவார். சற்று நேரத்துக்குப் பின் மணல்திட்டில் ஒதுங்கி இடம் மாறிக்கொள்வார்கள். அவர்கள் தேடுவது ஸ்மால்மவுத் பாஸ் என்னும் மீனை. வெண்கல நிறம், விலாவில் கருங்கோடுகள், சிவந்த கண். ஒரு கிலோ எடையுள்ளது மாட்டினாலும் ஆற்றுக்கு மேலே துள்ளி எழுந்து தலையை உதறும்.

பார்ப்பவருக்கு இது அந்த ஆற்றில் காலங்காலமாக நடந்துவரும் காரியம் என்றே தோன்றும். ஆனால் 1854க்கு முன் இந்த ஆற்றில் அந்த மீன் ஒன்றுகூட இல்லை. இங்கே பலர் ஓட்டும் அலுமினியக் கனூவோ 1945க்கு முன் கடைகளில் பரவலாகக் கிடையாது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் மரத்தைக் குடைந்து படகு செய்தவர்கள். ஆற்றின் குறுக்கே கல்லடுக்கி மீன்பொறி கட்டி விலாங்கு பிடித்தவர்கள். கல்வரிசைகளில் சில நீர் குறைந்த நாட்களில் இன்றும் தெரிகின்றன. ஆனால் அவர்கள் பிடித்த மீன் வேறு, ஓட்டிய படகும் வேறு. இன்றைய இந்தப் பொழுதுபோக்கு ரயிலும் போர்விமானமும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

முதலில் மீன். ஸ்மால்மவுத் பாஸ் பெரிய ஏரிகளுக்கும் ஒஹாயோ, டென்னசி, மிசிசிப்பி ஆற்றுப் படுகைகளுக்கும் சொந்தமானது. அங்கிருந்து கிழக்கே வர அதற்கு வழியில்லை. நடுவே அலெகெனி மலைத்தொடர் நிற்கிறது. மலைக்கு மேற்கே விழும் மழை மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. கிழக்கே விழுவது பொட்டோமாக் ஆற்றின் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்கு. முகட்டில் அருகருகே ஊறும் இரண்டு ஓடைகள் கடலில்கூட ஒன்றையொன்று பார்ப்பதில்லை. இதை மீன் தானாகத் தாண்ட முடியாது. மனிதன் வேகமாகத் தாண்ட வழி கிடைத்த மறுவருடமே மீனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த வழி பால்டிமோர் – ஒஹாயோ ரயில்பாதை. 1852 டிசம்பரில் தண்டவாளம் இணைந்தது. 1853 ஜனவரியில் ஒஹாயோ ஆற்றங்கரை ஊரான வீலிங்குக்கு ரயில் ஓடத் தொடங்கியது. வீலிங்கில் வில்லியம் ஷ்ரைவர் என்றொருவர் இருந்தார். அவருடைய தந்தை டேவிட் ஷ்ரைவர், பொட்டோமாக் கரை ஊரான கம்பர்லாந்திலிருந்து மலையேறி வீலிங்குக்குப் போன தேசியச் சாலையின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். மகன் கம்பர்லாந்தையும் வீலிங்கையும் அறிந்தவர். பொட்டோமாக்கையும் ஒஹாயோவையும் அறிந்தவர். பாறையும் பரல்கல்லும் தெளிந்த நீரோட்டமுமாகக் கிடந்த பொட்டோமாக், பாஸ் வாழ்வதற்கென்றே அமைந்த ஆறு என்று அவருக்குத் தோன்றியது.

1854இல் அவர் செய்தது இதுதான். வீலிங் ஓடையில் பிடித்த பாஸ் மீன்களை, தண்ணீர் உள்ளே போய்வர வசதியான கலத்தில் அடைத்து, அதை நீராவி இஞ்சினின் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். இஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் சுமந்துவரும் வண்டியில் இருக்கும் தொட்டி அது. நிலக்கரி எரியும் இடத்துக்குப் பக்கத்தில் மீனா என்று கேட்கத் தோன்றும். கொதிகலனுக்குப் போகுமுன் அந்த நீர் பச்சைத் தண்ணீர்தான். போதாததற்கு, தண்டவாளக் குலுக்கலில் நீர் அலைந்து காற்று கலந்துகொண்டே இருக்கும். வழி நிலையங்களில் புதுநீர் நிரம்பும். உயிர்மீன் கொண்டுபோக அந்தக் காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறெதுவும் இருந்திருக்க முடியாது. சுமார் 320 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்து கம்பர்லாந்து வந்த மீன்கள், அங்கே செசபீக் – ஒஹாயோ கால்வாயின் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. ஆற்றையொட்டியே வாஷிங்டன்வரை 297 கிலோமீட்டர் ஓடிய அந்தக் கால்வாய் கம்பர்லாந்தை எட்டி நாலு வருடம்தான் ஆகியிருந்தது. தேக்கத்திலிருந்து ஆற்றுக்கு இறங்க மீனுக்குச் சிரமம் இருக்கவில்லை.

எத்தனை மீன்? வீலிங்கிலிருந்து எழுதப்பட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் 1854ஆம் ஆண்டறிக்கையில் அச்சான குறிப்பு, இருபதுக்கும் சற்று மேல் என்கிறது. ஸ்டேபிளர் என்ற ரயில் கண்டக்டரும் அவருடைய நண்பர்களும்தான் முதலில் கொண்டுவந்தார்கள் என்று இன்னொரு பேச்சும் பிறகு எழுந்தது. இரண்டு கதைகளிலும் ஓடை அதேதான், தொட்டியும் அதேதான், எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதேதான். இது ஒரே ஆளின் வேலையாக இருக்கமுடியாது என்பது என் எண்ணம். இஞ்சின் ஓட்டியவரும் கண்டக்டரும் ஒத்துக்கொள்ளாமல் ரயில் தொட்டிக்குள் யாரும் மீன் விடமுடியுமா? மீன்பிடிப்பில் மோகம் கொண்ட நாலைந்து பேர் சேர்ந்து செய்த வேலையாகவே இதை நான் பார்க்கிறேன்.

அதன்பின் அந்த ஆறு அவர்களுக்காக உழைத்தது. இளவேனிலில் நீர் பதினைந்து டிகிரியைத் தாண்டியதும் ஆண் பாஸ் வாலால் பரல்கற்களைக் கூட்டித் தள்ளி வட்டமான குழி அமைக்கும். பெண்மீன் முட்டையிட்டுப் போய்விடும். ஆண்தான் வாரக்கணக்கில் நின்று காவல் காக்கும். குஞ்சுகள் பொரிந்து பிரிந்து போகும்வரை நகராது. தகப்பன் காவலில் வளரும் இந்த வம்சம் கிளையாறுகளில் ஏறியது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பொட்டோமாக்கோடு கலக்கும் ஷெனண்டோவாவுக்குள்ளும் வந்தது. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர்ப்படைகள் இந்த ஆறுகளை மாறிமாறிக் கடந்துகொண்டிருந்த வருடங்களில், நீருக்கடியில் பாஸ் குடும்பம் பெருகிக்கொண்டிருந்தது. 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் பாஸ் மீனுக்கென்றே ஒரு பெருநூல் எழுதினார். அதற்குள் இது கிழக்குக் கரையோர ஆறுகளில் ஊரறிந்த மீனாகிவிட்டிருந்தது.

ஷ்ரைவர் செய்ததை இன்று யாரும் அனுமதிக்கமாட்டார்கள். இரைபிடித்துத் தின்னும் ஒரு மீனை அதற்கு அந்நியமான ஆற்றில் விடுவது அங்கே ஏற்கெனவே வாழும் சிறுமீன்களுக்கு என்ன செய்யும் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அந்த மனிதர்களை என்னால் வெறுக்க முடியவில்லை. தமக்குப் பிடித்த மீன் தம் ஆற்றிலும் துள்ளவேண்டும் என்ற ஆசையில், விற்றுப் பிழைக்கும் எண்ணமில்லாமல் செய்த வேலை அது.

மீன் வந்துவிட்டது. ஆனால் அதைத் தேடிப் போக ஏற்ற வாகனம் வர இன்னும் தொண்ணூறு வருடம் ஆயிற்று.

ஸ்மால்மவுத் பாஸ் நீரோட்டத்தின் நடுவில் நிற்காது. பாறையின் பின்னால், வேகநீரும் அமைதிநீரும் உரசும் கோட்டில், அதற்கு இரையாகும் கிரேஃபிஷ் பதுங்கும் கல்லிடுக்குகளின் ஓரத்தில் நிற்கும். கரையிலிருந்து வீசினால் இப்படிப்பட்ட இடங்களில் ஒன்றிரண்டுதான் எட்டும்; கரை பெரும்பாலும் தனியார் நிலம் வேறு. மோட்டார் படகு அடிப்பாறையில் இடிக்கும். ஒரு சாண் நீரிலும் மிதக்கும் கனூவுக்குத்தான் ஆறு முழுவதும் திறக்கிறது. ஆனால் நீரோட்டம் நிற்காது. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு வீச்சு, மிஞ்சினால் இரண்டு. அதற்குள் படகு கடந்துவிடும். அதனால்தான் இது தனியாள் வேலையாக இல்லாமல் நண்பர் வேலையாகிறது. துடுப்பைக் குறுக்கே பிடித்துப் படகை அரை நிமிடம் நிறுத்திக் கொடுப்பவர் பின்னால் இருப்பவர். மீன் முன்னால் இருப்பவர் கையில் சேர்ந்தாலும், அதைப் பிடித்துக் கொடுத்தது பின்னிருந்த துடுப்பு என்பதை ஆறு அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தன் முறை வரும்போது தானும் அப்படியே நிறுத்திக் கொடுக்காத ஆளை அடுத்த வாரம் யாரும் கூப்பிடமாட்டார்கள்.

மரச்சட்டத்தில் கித்தான் போர்த்தி வண்ணம் பூசிய கனூக்கள் முன்பே இருந்தன. அழகானவை, சத்தமில்லாதவை. ஆனால் பாறையில் உரசினால் கித்தான் கிழியும். நீர் குடித்துக் கனக்கும். வருடாவருடம் பழுதுபார்த்து வண்ணம் பூச வேண்டும். கல்லாறுகளில் நண்பர்களோடு விளையாட்டாக ஓட்டும் பொருளல்ல அது.

1944இல் வில்லியம் ஹாஃப்மன் என்பவர் நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளுக்கு விடுமுறையில் போனார். அங்கே ஏரிக்கு ஏரி தாண்டிப் போக வேண்டுமானால் படகைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து நடக்க வேண்டும். கித்தான் கனூவின் பாரம் அவர் தோளை அழுத்தியது. சுமந்தவர் சாதாரண ஆளல்ல. லாங் ஐலண்டில் பெத்பேஜ் என்ற ஊரில் இயங்கிய கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத்தலைவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அப்போது அந்த நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்கு ஹெல்கேட் போர்விமானங்களைப் பொழிந்துகொண்டிருந்தது. மொத்தம் 12,275 ஹெல்கேட்டுகள் செய்யப்பட்டன. அலுமினியத் தகட்டை வளைத்து, இறுக்கி, ஆணியடித்து, குறைந்த எடையில் வலுவான உடல் உண்டாக்குவதில் உலகிலேயே கைதேர்ந்த தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள். அதே கையால் ஒரு கனூ செய்தால் என்ன என்று ஹாஃப்மன் நினைத்தார்.

காலமும் அவருக்கு ஒத்துழைத்தது. போர் முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் விமான ஆர்டர்கள் ஒரே நாளில் நிற்கும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அடுப்பு எரியவேண்டுமே! நிறுவனத் தலைவர் லெராய் கிரம்மன் சம்மதித்தார். அலுமினிய நிறுவனமான அல்கோவாவிலிருந்து ரஸல் பாண்டெகூ என்பவர் வந்து சேர்ந்து, படகை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேலையில் இறங்கினார். 1945இல் கனூக்கள் வெளிவரத் தொடங்கின.

செய்முறை முழுக்க விமானத்துடையது. அலுமினியக் கலவைத் தகட்டை அச்சின்மேல் இழுத்துப் படியவைத்துப் படகின் ஒரு பாதியை உருவாக்குவார்கள். மறுபாதியும் அப்படியே. சூடேற்றிப் பதப்படுத்தித் தகட்டுக்கு வலுவேற்றியபின், இரண்டையும் அடிநடுக் கோட்டில் வரிசையாக ரிவெட் அடித்து இணைப்பார்கள். இரு முனைகளிலும் நீர் புகாத மிதவை அறைகள் இருப்பதால், கவிழ்ந்து நிரம்பினாலும் மூழ்காது. 17 அடிக் கனூ சுமார் 34 கிலோ. இருவர் எளிதாகக் கார்க் கூரையில் ஏற்றலாம். பாறையில் மோதினால் பெரும்பாலும் நெளியும், உடையாது. நெளிந்ததைக் கரையில் கவிழ்த்துக் காலால் மிதித்தோ சுத்தியால் தட்டியோ நிமிர்த்தி, மறுநாளே இறக்குவார்கள். வெயிலில் விட்டாலும் பனியில் விட்டாலும் கெடாது. வாடகைக்கு விடுபவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆற்றோரங்களில் கனூ வாடகைக் கடைகள் பெருகின. படகு வாங்க வசதியில்லாத நாலு நண்பர்கள் ஒருநாள் வாடகை கொடுத்து ஆற்றில் இறங்க முடிந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

குறை இல்லாமலில்லை. துடுப்பு விளிம்பில் பட்டால் மணியடித்ததுபோல் ஆறு முழுக்கக் கேட்கும், மீன் விலகும். பாஸ் பிடிப்பவர்கள் படகுக்குள் பழைய தரைவிரிப்பை வெட்டிப் போட்டுச் சத்தத்தை அடக்கப் பழகினார்கள். மதிய வெயிலில் உட்காரும் பலகை சுடும். பாறையில் உரசினால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பிற்காலப் பிளாஸ்டிக் கனூக்கள் இந்தக் குறைகளைத் தீர்த்தன என்று பலர் அவற்றுக்கு மாறினார்கள். ஆனால் வழி திறந்தது அலுமினியம்.

1952இல் கனூ உற்பத்தி நியூயார்க் மாநிலத்து மாரத்தான் என்ற சிற்றூருக்குப் போனது. பெத்பேஜில் மிஞ்சிய விமானத் தொழிற்சாலை 1969இல் மனிதனை நிலவில் இறக்கிய கலத்தைச் செய்தது. ஒரே நிறுவனத்தின் பெயரில் நிலவிலும் ஒரு கலம், ஷெனண்டோவாவிலும் ஒரு கலம். 1972இல் நான்கு நண்பர்கள் கனூவில் ஆற்றிறங்கும் ‘டெலிவரன்ஸ்’ திரைப்படம் வந்தது. கதை கொடூரமானது, இருந்தும் ஜனங்கள் பயந்து விலகவில்லை, கனூ வாங்கப் புறப்பட்டார்கள். எழுபதுகளில்தான் இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்கா முழுக்கப் பரவியது.

2002 முதல் இந்த ஆறுகளுக்குக் கெட்டகாலம் வந்தது. பொட்டோமாக்கின் தென்கிளையிலும், பிறகு ஷெனண்டோவாவிலும், இளவேனில்தோறும் பாஸ் மீன்கள் உடலில் புண்ணோடு செத்து மிதந்தன. 2003இல் தென்கிளையில் ஆய்வாளர்கள் ஆண் பாஸ்களின் விந்தகத்துக்குள் முட்டைச் செல்களைக் கண்டார்கள். தனியாக ஒரு குற்றவாளி சிக்கவில்லை. பண்ணைக் கழிவு, பூச்சிமருந்து, ஹார்மோனைப் போல் வேலை செய்யும் வேதிப்பொருள்கள், நோய்க்கிருமி என்று பலதும் சேர்ந்து மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கின்றன என்பதே ஆய்வுகள் காட்டும் திசை. புண்பட்ட மீன்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களில், வாராவாரம் கனூவில் இறங்கிய நண்பர்களும் உண்டு. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்ததால், ஒவ்வொரு மீனையும் அவர்கள் உயிரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீன் அற்றுப்போகவில்லை. இப்போது அதை ரயிலில் யாரும் கொண்டுவருவதில்லை. ஆறேதான் பெற்றுத் தரவேண்டும். அது மே, ஜூன் மாத மழையைப் பொறுத்தது. அந்த வாரங்களில் பெருவெள்ளம் வந்தால் கூட்டோடு குஞ்சுகள் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் அளவாக ஓடினால் அந்த வருடத்துப் பிள்ளைகள் ஏராளமாகப் பிழைக்கும். குஞ்சு ஒரு அடி நீளமாக வளர மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அதனால் ஷெனண்டோவாவில் பழகியவர்கள், இந்தப் பருவத்தில் நடுத்தர மீன் குறைவாகச் சிக்கினால் சென்ற மாதத்து நீரைக் குறைசொல்வதில்லை. நாலு வருடத்துக்கு முந்தைய மே மாதத்தில் ஆறு எந்த உயரத்தில் ஓடியது என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.