மற்றும் பங்கு மக்கள்

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பங்குப் பள்ளியில் மாடிப்படிக்கு அருகே ஒரு பளிங்குக் கல் உண்டு. ஆயர் பெயர், பங்குச் சாமியார் பெயர், நன்கொடையாளர்கள் இருபது பேர், கடைசியில் சிறிய எழுத்தில் ‘மற்றும் பங்கு மக்கள்’. ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த என் அப்பா மூன்று தவணையில் கொடுத்த பணம் அந்த மூன்று சொற்களுக்குள் இருக்கிறது. அவர் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நானும் சொல்ல வரவில்லை. ஆனால் சேக்காட்டில் இப்போது பங்கும் பள்ளியும் சேர்ந்து புதிய வகுப்பறைகளுக்குப் பணம் திரட்டத் தொடங்கி, ‘பேங்க்கில் இருக்கிறவர்’ என்ற ஒரே தகுதியில் என்னையும் கணக்குக் குழுவில் போட்டார்கள். முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசப்பட்டது சிமெண்ட் விலை பற்றி அல்ல, எவ்வளவு கொடுத்தால் கல்லில் பெயர் என்பது பற்றி. பத்தாயிரம் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து இந்தக் கல்லின் சரித்திரம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

சென்னையில் அதன் ஆரம்பத்தில் ஒரு பெரிய கை தெரிகிறது. கோஜா பெட்ரூஸ் உஸ்கான், ஆர்மீனிய வணிகர். 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவர். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவர். வேப்பேரியில் மாதாவுக்கு ஒரு கோவில் எழுப்பியவர். வசூல் இல்லை, ரசீது இல்லை, குழு இல்லை. ஒருவர் கொடுத்தார், கட்டடம் வந்தது. 1751-இல் இறந்து வேப்பேரியிலேயே அடக்கமானார். 1752-இல் கம்பெனி அரசு, கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உடந்தை என்ற சந்தேகத்தில், அந்தக் கோவிலைக் கப்பூச்சின் சாமியார்களிடமிருந்து பிடுங்கி ஃபப்ரீசியுஸ் முதலிய லுத்தரன் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டது. இத்தனைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்திருந்த வருஷங்களில் அவர்களோடு ஒத்துப்போக மறுத்துச் சொத்தை இழந்தவர் உஸ்கான். இன்று அவருடைய கல்லறை புரோட்டஸ்டண்டுகளின் மத்தியா ஆலய வளாகத்தில் இருக்கிறது. தனி மனிதர் ஒருவரின் முழுப் பணத்தில் எழுந்த கட்டடம்கூட அவர் நினைத்த காரியத்துக்கு அவருக்குப் பின் அதிக காலம் நிற்கவில்லை என்பதைக் கல்லில் பெயர் கேட்பவர்கள் ஒரு தடவை வேப்பேரி போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உஸ்கானுக்கு வாரிசுகள் வேறு மாதிரி வந்தார்கள். பணக்காரர் ஒருவர் போய், சாதி கொடுக்கத் தொடங்கியது. இதற்குத் தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தைவிடத் துலக்கமான சாட்சி எனக்குத் தெரியவில்லை. நெல்லைச் சீமையில், 1745-இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர். அங்கே 1872-இல் முடிந்த திருக்குடும்பக் கோவில் கால்சட்டை மாதிரியான வடிவம் கொண்டது. பீடம் இடுப்பு, அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கால்களாகப் பிரிகின்றன. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலியோர். நடுவே சுவர். எல்லோருக்கும் ஒரே பூசை தெரியும், ஒருவரையொருவர் தெரியாது. எந்தக் கொத்தனாரின் கற்பனையிலும் இப்படி ஒரு தரைப்படம் உதித்திருக்காது. ஊரின் வரிசைக் கிரமம் அப்படியே செங்கல்லாகியிருக்கிறது. கட்டடக் கலை பற்றி எழுதுகிறவர்கள் கோத்திக், கிரேக்கம் என்று எழுதுவார்கள். வடக்கன்குளத்துக்கு அந்தப் பரிபாஷை உதவாது.

1910-இல் கௌசானல் சுவாமி காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமாரும் முதலிமாரும் வழக்குப் போட்டார்கள். கோவிலில் தங்களுக்குத் தனி இடமும் தனி மரியாதையும் வழக்கத்தால் வந்த உரிமை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது; மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்தே என்று சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. தோற்றார்கள். தோற்க வேண்டியவர்கள்தான். கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதியைச் சட்ட உரிமையாகக் கோர முடியாது என்றாயிற்று.

இதில் எனக்கு நெருடுவது வேறு. அந்தத் தீர்ப்பு மேல்சாதிக்காரனின் கையைத் தட்டிவிட்டது. அதே வீச்சில் கோவில் விஷயங்களில் ஆயரின் கை ஓங்கியது. சுவரை எழுப்பியவனும் சுவருக்கு மறுபக்கம் உட்கார்ந்து கொடுத்தவனும் ஒரே அளவில் பேச்சற்றவர்கள் ஆனார்கள். சமத்துவம் வந்தது, மௌனத்தின் சமத்துவமாகவும் வந்தது. கடற்கரை ஊர்களிலும் இதைப் பார்க்கலாம். அங்கே கோவிலுக்கு மீன்பாட்டில் ஒரு பங்கு. அதை வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. வலையிழுத்தவன் கொடுத்தான், குத்தகைக்காரன் எண்ணினான், சாமியார் செலவழித்தார். மூவரில் யாருக்கு யார் கணக்குச் சொல்வது என்பது கரையில் பல தகராறுகளுக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

கணக்கு என்ற சொல்லுக்கு வந்துவிட்டேன். என் தொழில் புத்தி. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பைக் குழுவில் யாரும் படித்திருக்கவில்லை. நானும் அதற்கு முன்பு படித்ததில்லை. 537-ஆம் விதி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது. 1267 ஒரு காரியத்துக்கென்று கொடுத்ததை அந்தக் காரியத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது. 1287, விசுவாசிகள் கொடுத்த பணத்துக்கு விசுவாசிகளிடம் கணக்குக் கொடு என்கிறது. பெயரைக் கல்லில் வெட்டு என்று ஒரு விதியும் இல்லை. உயர் நீதிமன்றம் திருப்பித் தராத குரலை ரோமாபுரி ஒரு வரவு செலவுத் தாளாகத் தந்திருக்கிறது. பெரிய குரல் அல்ல. ஆனால் கொடுத்தவனின் சாதியையும் தொகையையும் கேட்காத குரல்.

எங்கள் தெருவில் பலரும் இன்னும் நம்புவது, சர்ச் என்றால் வெளிநாட்டிலிருந்து பணம் கொட்டுகிறது என்று. 1976-இல் அவசரநிலையின்போது வந்த அந்நிய நன்கொடைச் சட்டம் 2010-இல் புதிதாக எழுதப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. அப்படிப்பட்ட பணம் வந்தால் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் இறங்க முடியும். சேக்காட்டுக்கு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் ரசீதுப் புத்தகம், ஒரு செங்கல் இவ்வளவு என்று அச்சடித்த அட்டை, திருவிழாவில் பூசை முடிந்ததும் நடந்த ஏலம். ஏலத்தில் ஒரு பூசணிக்காய் நாலு பேர் கை மாறி நாலு தடவை விலைபோனது. கடைசியாக எடுத்தவர் அதை மறுபடியும் கோவிலுக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கூட்டத்தில் நான் கேட்டது ஒரே கேள்வி. பத்தாயிரத்துக்குக் கீழே கொடுத்தவர்கள் கொடுத்த மொத்தம் எவ்வளவு? பொருளாளர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், கோபப்படவில்லை. “தெரியாதே தம்பி, கூட்டிப் பார்க்கல” என்றார். பெரிய தொகைகள் தனித் தாளில் இருந்தன. மற்றவை அடிக்கட்டைகளில். கூட்டிவிடலாம் என்று இருவரும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். ஐம்பது, நூறு, ஐம்பது, இருநூறு. சில ரசீதுகளில் பெயருக்குப் பதில் ‘மூணாம் வீட்டு அக்கா’, ‘பால்காரர்’. பால்காரர் கிறிஸ்தவர் இல்லை என்று பொருளாளர் சொன்னார்.

மூன்று சாயங்காலங்களில் ஆறு புத்தகங்கள் முடிந்தன. ஆறிலேயே பெரிய தொகைகளின் தாளைத் தாண்டியாயிற்று. கல்லுக்கு ஆர்டர் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறார். ஏழாவது புத்தகத்தில் பாதிக்கு மேல் கார்பன் தாள் வைக்க மறந்திருக்கிறார்கள். அடிக்கட்டையில் ரசீது நம்பர் மட்டும் இருக்கிறது. வசூலித்த பையன்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.