சித்திரம் உயிர் பெற்ற வரலாறு

மாத்தளை நகரை அடுத்துள்ள அளுவிகாரைக் குகைகளிலே, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அத்தொகுதியைச் சேர்ந்தனவே ஜாதகக் கதைகள். நாவிலிருந்து ஏட்டுக்கு வந்த அக்கதைகளுள் ஒன்று, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, 1957ஆம் ஆண்டில் பம்பாய் நகரிலே வெள்ளித்திரைக்கு ஏறியது. சிறுவர்க்கான சித்திரப் படங்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு அது ஒரு நல்ல தொடக்கமாகும்.

ஆலமர மான் என்னும் மானரசனின் கதை அது. காசி மன்னனின் உணவுக்காக நாள்தோறும் ஒரு மான் முறை வைத்துப் பலியாகி வந்தது. ஒரு நாள் சினையுற்ற பெண்மான் ஒன்றின் முறை வந்தபோது, அதற்குப் பதிலாக மானரசனே வெட்டுமரத்தில் தலை வைத்துக் கிடந்தான். அது கண்டு மனம் மாறிய மன்னன், எல்லா உயிர்களுக்கும் அபயம் அளித்தான். இக்கதையைச் சித்திரப் படமாக்கியது இந்திய அரசின் திரைப்படப் பிரிவு. 1956ஆம் ஆண்டில் அங்கே ஒரு கார்ட்டூன் பகுதி தொடங்கப்பட்டபோது, இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்க அமெரிக்காவிலிருந்து வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியின் கலைக்கூடத்தில், 'பேம்பி' என்னும் மான்கன்றின் படத்தில் பணியாற்றிய ஓவியர் அவர்.

சித்திரப் படத்தின் உழைப்பு எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரு முறை படம் பிடித்தாலும், விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் வேண்டும். ஏழு நிமிடப் படத்துக்கு 5,040 சித்திரங்கள்! ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வேறுபாடு மயிரிழை அளவே. அந்த மயிரிழைகளின் தொகுதியையே நமது கண் அசைவு என்று கொள்கிறது.

இந்த உண்மையைக் கண்டு தெளியப் பெருங்கூடங்கள் தேவைப்படவில்லை. இந்தியத் திரைப்படத் தந்தை தாதாசாகேப் பால்கே, 1912ஆம் ஆண்டிலேயே ஒரு பட்டாணி விதை முளைத்துக் கொடியாக வளர்வதைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்துக் காட்டினார். 1915இல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி அவற்றை ஆடவும் வைத்தார். ஐரோப்பாவிலே லொட்டே ரைனிகர் என்னும் பெண்மணி, கரிய தாளைக் கத்தரித்து உருவங்கள் செய்து, கணவரும் சில நண்பர்களும் துணைநிற்க, 1926ஆம் ஆண்டில் ஒரு முழுநீளப் படத்தையே முடித்தார். பின்னர் 1950களில் இலண்டனிலிருந்து சிறுவர்களுக்கான தேவதைக் கதைகளைக் குறும்படங்களாக வழங்கினார். நமது தோற்பாவைக் கூத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அவருடைய நிழலுருவங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

பம்பாயில் வீக்ஸிடம் பயின்றோருள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்ற அவர், 1972இல் தமக்கெனத் தனிக் கலைக்கூடம் அமைத்தார். அதே திரைப்படப் பிரிவில் பின்னணிக் காட்சிகள் தீட்டிவந்த பீம்சைன் என்பவரும் தனிவழி சென்றார். 'ஏறுதல்' என்னும் பொருள்படும் அவருடைய முதற்குறும்படம் சிகாகோ திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அவர்கள் ஏன் பிரிந்து செல்ல வேண்டும்? ஆலமர மானின் கதை நம் மண்ணுக்கு உரியது. ஆயினும் அதைத் தீட்டிய கோடு டிஸ்னியின் கோடாகவே இருந்தது. ஆசான் கற்பித்த கோட்டிலிருந்து தன் கோட்டைக் கண்டடைவது எந்தக் கலைஞனுக்கும் கடமையன்றோ?

அக்கடமை நிறைவேறியதற்குச் சான்று, 1974ஆம் ஆண்டில் விஜயா முளே அம்மையாரும் பீம்சைனும் உருவாக்கிய 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' என்னும் ஏழு நிமிடப் படம். ஒன்று என்பது யாது, பல என்பது யாது என்று சிறுவர்கள் தம் அக்காளிடம் கேட்கிறார்கள். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுகூடி வலையோடு பறந்த கதையை அவள் சொல்கிறாள். எளிய கோடுகள், எளிய பாட்டு. தூர்தர்ஷனில் அதைக் கண்டு வளர்ந்த தலைமுறையினர் இன்றும் அப்பாட்டை மறந்தாரில்லை. 2005இல் நீனா சப்னானி, நாட்டுப் பிரிவினையால் பிரிந்த இரு நண்பர்களின் கதையை, சிந்துப் பெண்கள் துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் பாணியிலேயே சித்திரமாக்கினார். பாட்டியின் போர்வையிலிருந்தும் ஒரு படம் பிறக்கலாம் என்பதை உலகம் அறிந்தது.

இலங்கையில் நிலைமை என்ன? 1982இல் ரூபவாஹினி தொடங்கியபின், டைட்டஸ் தொடவத்த என்னும் பெருங்கலைஞர் அயல்நாட்டுச் சித்திரப் படங்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்தார். 'பக்ஸ் பன்னி' என்னும் முயல், 'ஹா ஹா ஹரி ஹாவா' என்று பெயர் மாறிச் சிறுவர் உள்ளங்களைக் கவர்ந்தது. அது அரிய தொண்டு. ஆனால் முயலின் மொழி மாறியதேயன்றி, அது ஓடிய தெருவும் உண்ட உணவும் மாறவில்லை. 2023இல் 'கஜமன்' என்னும் முழுநீள உள்நாட்டுப் படம் வெளிவந்தது மகிழ்ச்சிக்குரியது. எனினும் முழுநீளப் படத்துக்குப் பெரும்பொருள் வேண்டும். குறும்படத்துக்கோ பொறுமையே முதற்பொருள்.

அளுவிகாரை அமைந்த அதே மாத்தளை மாவட்டத்தில், இரத்தோட்டை வழியாக மேலேறினால் வருவது ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் பகுதி அது. மூடுபனி ஒரு கணம் மலையை மறைத்து மறுகணம் திறந்து காட்டும் அவ்விடத்துக் காடுகளில், மூக்கின் நுனியில் இலை போன்ற கொம்புடைய ஓணான் ஒன்று வாழ்கிறது. நக்கிள்ஸ் மலைகளையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. அம்மலைச்சாரல் தோட்டங்களில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுமியோ, பள்ளத்தாக்குக் கிராமத்தில் வளரும் ஒரு சிங்களச் சிறுவனோ, தொலைதேசத்து எலியையும் வாத்தையும் அறிந்த அளவுக்கு அந்த ஓணானை அறிவார்களா?

இக்கேள்வியில் அடங்கியிருப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. தன் மலையும் தன் மொழியும் என்றுமே திரையில் தோன்றக் காணாத குழந்தை, கதைகள் எல்லாம் வேறெங்கோ நிகழ்பவை என்று எண்ணிக்கொள்ளும். பால்கேக்கு வாய்த்தது ஒரு காமிராவும் ஒரு பட்டாணி விதையும். இன்றோ ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டே சித்திரங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஓடவிட முடிகிறது. கருவி எளிதாயிற்று, ஆனால் அந்த 5,040 மயிரிழை வேறுபாடுகளுக்குரிய பொறுமையை எக்கருவியும் தருவதில்லை. ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் ஓராண்டு அமர்ந்தால், அந்த ஓணான் திரையில் நடக்கும். வாய்மொழிக் கதைகள் மறைந்துவிடும் என்று அஞ்சி ஏட்டில் எழுதிவைத்த துறவியரின் பொறுமைக்குப் பெயர்பெற்ற மாத்தளை மண்ணுக்கு, அது ஆகாத காரியம் அன்று.