பிள்ளைகளுக்கு நாய் இல்லை என்றிருந்த காலம்

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் திறந்தார்கள். 1929இல் அமெரிக்காவில் ‘தி சீயிங் ஐ’ தொடங்கியது. 1975இல் கலிபோர்னியாவில் போனி பெர்கின், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு விழுந்த பொருளை எடுத்துத் தரவும் விளக்கைப் போடவும் நாய்களைப் பழக்க ஆரம்பித்தார். ஆனாலும் சிறுபிள்ளைகளின் முறை வரவில்லை. நாயைத் தானே நடத்தத் தெரிந்தவருக்கே நாய் என்பதுதான் பெரும்பாலான அமைப்புகளின் விதியாக இருந்தது.

அந்த விதியை மீறிய கேரன் ஷர்க்குக்குத் தசைகளைத் தளர்த்தும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய். மூச்சுக்கு வென்டிலேட்டர் வேண்டியிருந்ததைக் காட்டி அவருக்கே நாய் தர மறுத்தார்கள். அவர் பென் என்ற ஜெர்மன் ஷெப்பர்டைத் தாமே தேடிக்கொண்டு பழக்க வைத்தார். 1998இல் ஓஹியோவின் ஜீனியாவில் ‘4 பாஸ் ஃபார் அபிலிட்டி’யைத் தொடங்கி, மற்றவர்கள் திருப்பியனுப்பிய குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார். வார் பெற்றோர் கையில் இருக்கும், நாயின் கவனமோ பிள்ளைமேல் இருக்கும். மூவரும் சேர்ந்து ஓர் அணி.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். அதனால் 1999இல் மார்க் ரூஃபனாக்டுக்கு நடந்தது என்னை விட்டுப் போவதில்லை. அவருக்கும் அதே நோய். வழிகாட்டி நாய்க்குட்டிகளை வளர்த்துக் கொடுத்துவந்தார். ஓர் இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கியபோது அவரை எழுப்பியது அப்படி வளர்ந்த ஒரு குட்டி. சர்க்கரை இறங்கும்போது வரும் வாசனையை நாய்களுக்குக் கற்றுத்தர முடியும் என்று நம்பி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற நாயைப் பழக்கினார். 2004இல் ‘டாக்ஸ் ஃபார் டயபெடிக்ஸ்’ உருவானது.

என் மகனுக்கான நாயின் பயிற்சிக்கு நாங்களும் மாதிரி சேர்த்தோம். சர்க்கரை இறங்கிய நேரத்தில் அவன் வியர்வையைப் பஞ்சில் ஒற்றி, பையில் போட்டு மூடி, எண்ணை எழுதி, ஃப்ரீசரில் துருவிய தேங்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்போம். பல டப்பாக்களில் அந்தப் பஞ்சு இருப்பதை மட்டும் நாய் கண்டுபிடித்தால் தீனி. பிறகு அந்த வாசனை வந்ததும் காலால் தட்டிச் சொல்லப் பழக்குவார்கள். சர்க்கரை இறங்கும்போது மூச்சில் ஐசோபிரீன் கூடுவதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். நாய் பிடிப்பது அதைத்தானா என்பது உறுதியாகவில்லை. நாய் தவறவும் விடும். ஆகவே அவன் கையில் ஒட்டிய சர்க்கரை சென்சாரை நாங்கள் கழற்றவில்லை.

நாய் கிடைத்தால் மட்டும் போதாது, பள்ளி வாசலையும் தாண்ட வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி எலீனா ஃப்ரையின் உதவி நாய் வொண்டரை மிச்சிகனில் நெப்போலியன் என்ற ஊரின் பள்ளி 2009இல் மறுத்தது. உதவிக்கு ஓர் ஆள் இருக்கும்போது நாய் எதற்கு என்பது அவர்கள் வாதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 பிப்ரவரி 22 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதி எலீனா கேகன் கேட்டவை இரண்டு: இதே புகாரை ஒரு நூலகத்தின் மீது கொடுக்க முடியுமா? பள்ளிக்கு வந்த பெரியவர் ஒருவர் கொடுக்க முடியுமா? முடியும் என்றால், அது பாடம் பற்றிய வழக்கு அல்ல, சம உரிமை பற்றியது.

நாயைக் கட்டுப்பாட்டில் வைக்க ஆள் வேண்டும் என்பது நியாயமே. அதற்கு மேல் அமெரிக்கச் சட்டம் கேட்கவிடுவது, குறைபாட்டுக்காக நாய் தேவையா, அது எந்த வேலைக்குப் பழகியது என்ற இரண்டையும்தான். பிள்ளையின் வயது அதில் இல்லை. ஷர்க் 1998இல் செய்து காட்டியதும் அதுவே. விண்ணப்பம் எழுத உட்காரும் ஒவ்வொரு தாயும் தகப்பனும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.