இழை எண்ணும் கை

உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே நோக்கினால் கொல்லிமலை. கிழக்கே திரும்பினால் பச்சைமலை. மலைமக்களைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இக்கட்டுரைக்குக் காரணமானது இன்னொரு மலையிலிருந்து வந்த ஒரு சால்வை. உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்பிய என் மாணவி ஒருத்தி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த சால்வையைக் கொண்டு வந்து, "சார், இது தோடர்கள் கையால் தைத்தது" என்றாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஐயம் எழுந்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நீலகிரியின் உச்சிப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழ்ந்து வருபவர்கள் தோடர்கள். 1603-ஆம் ஆண்டிலேயே கள்ளிக்கோட்டையிலிருந்து மலையேறிச் சென்ற பினீசியோ என்ற பாதிரியார் இவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவர்களின் தொகை ஏறத்தாழ 2,000. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அதிலும் பாதிக்குக் குறைவு. இவர்கள் போர்த்தும் கனத்த பருத்திப் போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். ஆணும் பெண்ணும் போர்த்துவர். விழாவுக்கும் அதுதான், இறந்தவர் உடலைச் சுற்றுவதற்கும் அதுதான். பால்மனையாகிய கோயிலின் முன் நிற்கும்போது ஆண்கள் வலத்தோளைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து வணங்குவது வழக்கம்.

இங்கே ஒரு வியப்பு. தோடர்கள் நெசவு செய்பவர்கள் அல்லர். துணி வெளியிலிருந்து வருவது. கம்பளி நூலும் கடையில் வாங்குவது. இரும்புக் கருவிகளையும் மண்பாண்டங்களையும் முற்காலத்தில் அவர்களுக்குத் தந்தவர்கள் கோத்தர்கள். (கோத்தர்களின் ஏழு ஊர்களுள் ஒன்றின் பெயரும் கொல்லிமலையே! நம் கொல்லிமலையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அப்படியானால் பூத்துக்குளியில் தோடர்களுடையது எது? பொருள் அன்று, கணக்கு. அதனைத் தோடப் பெண்கள் தம் விரல்களில் வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டில் பூவேலை செய்பவர்கள் முதலில் பென்சிலால் படம் வரைவார்கள். பிறகு வட்டச் சட்டத்தில் துணியை இறுக்குவார்கள். தோடப் பெண்ணுக்குப் படமும் இல்லை, சட்டமும் இல்லை. துணியின் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன அல்லவா? அதுவே அவளுக்கு வரைபடத் தாள். இழைகளை எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்குக் கீழே என்று ஊசியைச் செலுத்துகிறாள். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் நூலை முற்றிலும் இழுத்துவிடாமல் ஒரு சிறு வளையம் நிற்க விடுகிறாள். இவ்வளையங்களால் பூவேலை மேடு தட்டி நிற்கிறது. சற்றுச் சொரசொரப்பான அந்தப் பக்கத்தையே தோடர்கள் நேர்ப்பக்கமாகக் கொள்கின்றனர். எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன், மயிலிறகு என்று பல உருவங்கள் உண்டு. ஓரத்தில் முயற்காது வரும்.

நீங்களே செய்து பாருங்கள். இழை தெரியும்படியான காடாத் துணி ஒன்றும், தடித்த ஊசியும், கம்பளி நூலும் போதும். முதல் வரியில் 1 இழையை மூடுங்கள். அடுத்த வரியில் இருபுறமும் ஒவ்வோர் இழை கூட்டி 3, அதற்கடுத்து 5, பிறகு 7. ஒரு முக்கோணம் எழும். மூடிய இழைகளைக் கூட்டினால் 16, அதாவது 4-இன் வர்க்கம். ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை வர்க்கமாகும் என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதை ஊசியால் எழுதிவிட்டீர்கள். முக்கோணத்தை அடுத்தடுத்து நகர்த்தியோ, கவிழ்த்தோ வைத்தால் கரை உருவாகும். நீண்ட கரையில் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வருவதற்குச் சமச்சீர் வகைகள் ஏழே ஏழுதான் என்பது கணித உண்மை. எந்த நாட்டு நெசவாளரும், எந்தக் காலத்துச் சிற்பியும் எட்டாவதைக் கண்டதில்லை, காணவும் முடியாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை: ஓர் இழை தவறினால் அடுத்த வரியும் தவறும், அதற்கடுத்ததும் தவறும். பிழை தானாகத் திருந்தாது.

இவ்வளவு நுண்மையாக எண்ணுவதற்கு மலைமக்களுக்கு இயற்கையிலேயே கூரிய கண் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? ஐரோப்பியர் பலரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தனர். ரிவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடைப்பட்ட டாரஸ் நீரிணைத் தீவுகளில் மக்களின் பார்வையைக் கருவிகளால் சோதித்தார். அவர்கள் தொலைவில் உள்ளதைக் கண்டறிவது கண்ணின் அமைப்பைவிடக் கவனத்தாலும் பழக்கத்தாலும் என்பது அவர் முடிவு. 1901-02-இல் அவரே நீலகிரிக்கு வந்து தோடர்களின் புலன்களையும் சோதித்தார். சம நீளமுள்ள இரு கோடுகளின் நுனிகளில் அம்புத்தலைகளை ஒன்றில் உள்நோக்கியும் மற்றொன்றில் வெளிநோக்கியும் வரைந்தால், ஒரு கோடு நீண்டதாகத் தோன்றும். முல்லர்-லயர் மாயம் எனப்படும் இதில் ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை! 1906-இல் அவர் வெளியிட்ட தோடர்கள் பற்றிய பெருநூல் இன்றும் படிக்கப்படுகிறது. பூவேலையும் பிறவிக் கண்ணின் செயல் அன்று, தாயருகில் அமர்ந்து பழகிய கையின் செயல் என்றே நான் கருதுகிறேன்.

பழகிய கையின் வேலைக்கு நேரம் பிடிக்கும். நேரத்துக்கு விலை உண்டு. எந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மலிவாக அடித்துத் தள்ளிவிடும். 2013-இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பித்தவர்களுள் தோடர்களின் சங்கமும் பூம்புகார் நிறுவனமும் உண்டு. பெயரைக் காக்க இது உதவும். ஆனால் கடையில் நிற்பவர் நீங்கள். சட்டம் உங்கள் அருகில் நிற்பதில்லை.

ஆகவே சால்வையைத் திருப்பிப் பாருங்கள். தையல் எந்திரத்தில் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று. அடிப்பக்கத்தில் இரண்டும் பின்னிக்கொண்டு வரிசையாகத் தெரியும். அச்சிட்டதாயின் மறுபக்கம் நிறம் மங்கியிருக்கும். கைவேலையிலோ ஒரே நூல் புகுந்து புகுந்து வெளிவரும். வளையங்கள் ஒன்றுபோல் இரா. என் மாணவியின் சால்வையில் அடிப்பக்கம் முழுவதும் மெல்லிய வெள்ளை நூல் ஓடியிருந்தது. எந்திரம்தான். அவள் முகம் வாடிவிட்டது. பூத்துக்குளியைத் தோடர்கள் இரட்டையாக மடித்துப் போர்த்துகின்றனர். இரு மடிப்புக்கு இடையே தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்று இயற்பியல் பேசி அவளைத் தேற்ற முயன்றேன். பலிக்கவில்லை.

மறுவாரம் அவளே ஒரு முழம் காடாத் துணி வாங்கி வந்தாள். நான்காவது வரியில் ஓர் இழை தவறிவிட்டதாம். பிரித்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறாள்.